வெள்ளாடையும் விடாக் கறையும்

நம் நாட்டு மாணவரின் சீருடை வெள்ளையாயிருத்தல் வேண்டுமென ஆதியில் விதித்தவர்கள், அதனைத் துவைக்கப் போகின்றவர் யார் என்பதைப் பற்றிச் சிறிதேனும் எண்ணியிருப்பரோ என்பது ஐயமே. வெள்ளையிற் பட்ட கறையை ஊரே காணும். காலையில் எழுதும்போது பேனை மை. மதியத்திற் பருப்புக் கறி. மாலையில் மைதானத்துச் செம்மண். இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து சனிக்கிழமை காலையிற் கிணற்றடிக்கு வந்து சேருகின்றன. இரண்டே சட்டைகளை மாறி மாறி உடுத்து வாரத்தின் ஐந்து நாட்களையும் கழிக்கும் பிள்ளைகள் நம்மிடையே மிகப் பலர். அத்தகைய வீட்டில் ஒரு சட்டை கறைபட்டுக் கெட்டுப்போவது அழகு பற்றிய சிறு குறையன்று. அது பணத்தைப் பற்றியது. பிள்ளையின் மனத்தைப் பற்றியது.

கறை போக்குதல் நமக்குப் புதிய கலையன்று. உவர் நிலத்திற் கிணறு தோண்டி, அந்நீரில் நாள்தோறும் ஆடை வெளுத்த பெண்ணைப் பற்றிப் புறநானூற்றுப் பாடலொன்று பேசுகின்றது. உவர் மண்ணிலுள்ள காரம் எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுக்க வல்லது என்பதை இன்றைய இரசாயன நூல்கள் கூறும். அந்நூல்கள் எழுதப்படுமுன்பே அதனைக் கையால் அறிந்திருந்தனர் நம் சலவைத் தொழிலாளர். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, வெயிலிற் காயவைத்து எடுத்த வேட்டியின் வெண்மையைக் கண்டவர்கள் அதனை மறவார். அந்த அறிவைச் சுமந்தவர்களுக்குச் சமூகம் அளித்த இடமோ அவர்தம் அறிவுக்குச் சற்றும் பொருந்தாதது. இன்று அவ்வேலை பெரும்பாலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அறிவு முழுவதும் கூட வரவில்லை.

ஆகவேதான் எந்தக் கறையைக் கண்டாலும் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துப் பார்ப்பதும், அதற்கும் போகாவிடில் வெளிற்றும் திரவத்தை ஊற்றுவதும் நம் வழக்கமாயிற்று. கறைகளோ ஒரே இனத்தன அல்ல. இரத்தமும் பாலும் முட்டையும் புரதக் கறைகள். தேநீரும் கோப்பியும் வாழைக்கறையும் தாவரங்களிலுள்ள தனின் முதலிய துவர்ப்புப் பொருள்களால் வருவன. கறிக்கறையில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். துருவும் செம்மண்ணும் இரும்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைப் போக்கும் மருந்து மற்றொன்றை நிலைநிறுத்திவிடும். ஆதலின் துவைக்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இது எதனாற் பட்டது?" என்பதே. பிள்ளை உண்மை சொல்ல அஞ்சினால், தாயின் வேலை இரட்டிக்கும். எனவே கறைக்காக அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் சலவைக்கும் நல்லது.

எல்லாக் கறைகளுக்கும் பொதுவான சில முறைகள் உள. கறை ஈரமாயிருக்கும்போதே அதனைக் கவனித்தல் வேண்டும். தேய்த்தலைவிட, சுத்தமான வெண்துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. தேய்த்தால் கறை பரவி நூலின் உள்ளே புகும். கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியே வேலை செய்க. முடிந்தால் ஆடையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பின்புறத்திலிருந்து நீர் விடுக; வந்த வழியே கறை வெளியேறும். புதிதாக எந்த மருந்தையும் உபயோகிக்குமுன், உட்தையலில் ஒரு துளி விட்டு நிறம் மாறுகின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்றுண்டு: கறை முற்றாக நீங்குமுன் மின்னழுத்தியைத் தொடாதீர்கள். வெப்பம் பட்ட கறை பெரும்பாலும் ஆடையோடு ஒன்றிவிடும். அவசரத்தில் அழுத்தி அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

இரத்தக் கறை

இதனைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். முழங்காற் காயமும் மூக்கிலிருந்து வடிந்த இரத்தமும் எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் விஷயங்கள். பருவமடைந்த பெண்பிள்ளைகளின் சீருடையிற் படும் கறையைப் பற்றியோ நாம் பேசுவதில்லை. வெள்ளைச் சீருடையிற் கறை தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தினாலேயே மாதவிலக்கு நாட்களிற் பாடசாலைக்குச் செல்லாது நின்றுவிடும் பிள்ளைகள் உளர். மாதந்தோறும் இரண்டொரு நாட் பாடம் தவறுவது ஆண்டு முடிவில் எவ்வளவாகும் என்பதைப் பெற்றோர் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். இது வெட்கப்படுதற்குரிய கறையன்று; கழுவுதற்கு எளிதான கறைகளுள் ஒன்றே.

இரத்தத்திலுள்ள புரதம், முட்டையின் வெள்ளைக்கரு போலச் சூட்டில் இறுகிவிடும் இயல்புடையது. வெந்நீரில் இட்ட இரத்தக் கறை போகாது பழுப்பாய் நிலைத்துவிடுவதன் காரணம் இதுவே. ஆகவே குளிர்ந்த நீரே இதற்கு முதல் மருந்து. பாடசாலையில் இருக்கும்போது கறைபட்டால், குழாய் நீரை ஆடையின் பின்புறத்திலிருந்து ஓடவிட்டு, சிறிது சவர்க்காரம் இட்டு மெல்லக் கசக்கினாற் பெரும்பகுதி அப்பொழுதே நீங்கும். வீட்டுக்கு வரும்வரை காய்ந்துவிட்டதாயின், ஒரு வாளி குளிர்நீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து இரண்டொரு மணி நேரம் ஊறவைத்து, பின்னர் துவைத்தல் வேண்டும். இக்காலச் சலவைத்தூள்கள் பலவற்றில் நொதியங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை நம் குடலிற் புரதத்தைச் சமிக்கச் செய்யும் நொதியங்களின் உறவினர் எனலாம். விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதியத்தைச் சலவைக்குப் பயன்படுத்தலாம் என்று ஜேர்மனியரான ஒற்றோ றோம் 1913ஆம் ஆண்டிற் காட்டினார். நொதியம் வேலை செய்தற்கு நேரம் வேண்டும்; தூளைப் போட்டவுடன் அலசிவிட்டாற் பயனில்லை. இளஞ்சூட்டு நீருக்கு மேற்பட்ட சூடும் முதலில் ஆகாது.

அதன்பின்னரும் மங்கலாய் ஒரு சாயல் எஞ்சினால், மருந்துக்கடையில் விற்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு வெள்ளைத் துணிக்கு ஏற்றது. ஒரு துளி விட்டவுடன் நுரைத்துப் பொங்கும். இரத்தத்திலுள்ள கற்றலேசு என்னும் நொதியம் அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதே இந்நுரைக்குக் காரணம் என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். நுரை அடங்கியதும் குளிர்நீரில் அலசுக. நிறத் துணிகளில் இதனைச் சோதித்துப் பார்த்தே உபயோகிக்கலாம்.

தையல் வேலையின்போது விரலில் ஊசி குத்தித் துணியிற் பட்ட சிறு பொட்டுக்குத் தையற்காரர் தம் உமிழ்நீரையே தடவித் துடைப்பதுண்டு. சிறு பொட்டுக்கு அது போதும். பெருங் கறைக்கு அதனை நம்பியிருத்தலாகாது.

இன்னுமொன்று. இவையெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் மட்டும் உரிய இரகசியங்களாயிருக்க வேண்டியதில்லை. தாயில்லாத வீடுகளும், தாய் வெளிநாட்டிற் பணிபுரியும் வீடுகளும் நம் நாட்டில் நிறைய உள. தகப்பன்மாரும் அண்ணன்மாரும் இதனைத் தெரிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் மனப்பாரம் குறையும்.

தேநீரும் மஞ்சளும்

தேநீர்க் கறையில் ஒரு நுட்பம் உண்டு. வெறுந்தேநீர் வேறு, பால்தேநீர் வேறு. வெறுந்தேநீரிற் கறையை உண்டாக்குவது பெரும்பாலும் தனின் இனப் பொருள்களே. புதிதாய்ப் பட்ட கறையாயின், தடித்த பருத்தித் துணியை ஒரு பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றினால் நீங்கிவிடும் என்பது முதியோர் கண்ட முறை, அது சரியானதே. ஆனால் பால்தேநீருக்கு அதனைச் செய்தால் பாலின் புரதம் இறுகிப்போம். பால் கலந்ததெனில் முதலிற் குளிர்நீர், பின்னரே மற்றவை. தேநீர்க் கறையின்மேல் கட்டிச் சவர்க்காரத்தை நேரே தேய்த்தலும் ஆகாது. சவர்க்காரம் காரத்தன்மையுடையது, காரம் பட்டால் தேநீரின் நிறம் மேலும் கறுக்கும். தேநீரிலே தேசிக்காய் பிழிந்தவுடன் நிறம் வெளிறுவதைக் கண்டிருக்கின்றீர்கள் அன்றோ? அவ்வாறே தேசிக்காய்ப் புளியோ, நீர் கலந்த வினாகிரியோ இட்டுச் சிறிது நேரம் விட்டுக் கழுவினாற் கறை வெளிறும். பழங்கறையாயின் சோடியம் பேர்காபனேற்று அடங்கிய ஒட்சிசன் வகை வெளிற்றும் தூளைச் சூடான நீரிற் கரைத்துப் பருத்தித் துணியை ஊறவிடுதல் நன்று. அத்தூள் நீரிற் கரையும்போது மேலே கூறிய பேரொட்சைட்டும் சலவைச் சோடாவுமாகப் பிரிகின்றது.

மஞ்சளோ வேடிக்கையான பொருள். பருப்புக் கறி சிந்திய வெள்ளைச் சட்டைக்குச் சவர்க்காரம் போட்டவுடன் மஞ்சட் கறை திடீரெனச் செந்நிறமாக மாறும். கண்டவர் திடுக்கிட்டு, துணி பழுதாயிற்று என்று கைவிடுவர். அஞ்சவேண்டியதில்லை. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் காரம் பட்டாற் சிவக்கும். காரம் நீங்கினால் மறுபடி மஞ்சளாகும். நெற்றியில் இடும் குங்குமத்தை மஞ்சளோடு சுண்ணாம்போ வேறு காரமோ சேர்த்துச் செய்யும் மரபும் இதன்பாற்பட்டதே. வீட்டிலுள்ள மாணவர் ஒரு வெள்ளைக் கடதாசியில் மஞ்சட் கரைசலைத் தடவிக் காயவைத்து, ஒரு பக்கத்திற் சவர்க்கார நீரும் மறுபக்கத்தில் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பார்ப்பாராயின், ஆய்வுகூடம் இல்லாமலே காட்டி ஒன்றைச் செய்து முடித்தவராவர்.

இக்கறையை நீக்கும் வழி யாதெனில்: குர்க்குமின் நீரில் எளிதிற் கரையாது, எண்ணெயிலும் மதுசாரத்திலும் கரையும். ஆகவே கறியின் திரளை மொட்டைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையின்மேல் விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துவைக்க வேண்டும். எண்ணெய் போய்விடும், மஞ்சள் ஓரளவு எஞ்சும். அதற்கு மேல் மருந்து தேடி அலையவேண்டியதில்லை. ஈரத்தோடு கடும் வெயிலில் விரித்துவிடுங்கள். குர்க்குமின் சூரிய ஒளியைத் தாங்கமாட்டாது. ஒரு நாளில் மங்கி, இரண்டு மூன்று நாளில் மறையும். இலங்கையின் வெயிலைப் போல மலிவான வெளிற்றி வேறு எந்தக் கடையிலும் கிடையாது. நிறத் துணியை அவ்வாறு நெடுநேரம் விட்டால் துணியின் நிறமும் உடன் மங்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

வாழை, பலா, பனை

வாழைக்கறையே கறைகளுள் அரசன். வாழைக்குலை வெட்டும்போது தண்டிலிருந்து வடியும் நீர் கண்ணுக்குத் தெளிந்த நீராகவே தோன்றும். அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சில மணி நேரத்திற் பழுப்பாகிப் பின் கருமை தட்டிவிடும். அந்நீரிலுள்ள பீனோல் இனப் பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறம்பெற்று நூலோடு பற்றிக்கொள்வதே இதன் காரணம். நறுக்கிய வாழைப்பூவும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வினையால்தான். வாழைப்பூவை நறுக்கியவுடன் மோரிலோ புளி கலந்த நீரிலோ இடும் வழக்கம் நம் அடுக்களைகளில் உண்டு. புளிப்பு அவ்வினையைத் தாமதப்படுத்துகின்றது. அடுக்களையில் அறிந்த அதே நுட்பத்தைக் கிணற்றடியிலும் கையாளலாம்: வாழைநீர் பட்ட ஆடையை அந்நேரமே கழற்றி, நீரில் அலசி, தேசிக்காய்ப் புளி தடவி, மீண்டும் கழுவினாற் கறை பெரும்பாலும் தோன்றாது. ஒரு நாள் கழிந்துவிட்டதா? வெள்ளைப் பருத்தியாயின் வெளிற்றும் திரவம் ஓரளவு உதவும். அப்பொழுதும் மங்கிய நிழலொன்று தங்கிவிடுவதே இயல்பு. நிறத் துணியாயின் நம்பிக்கை மிகக் குறைவு. நீர்வேலி போன்ற இடங்களில் வாழைத் தோட்டஞ் செய்வோர் தோட்டத்துக்கென்று ஒரு பழைய சாரத்தை ஒதுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் அனுபவசாலிகள்.

பலாக்காய்ப் பாலின் இயல்பு முற்றிலும் வேறு. அது இறப்பர்ப் பாலைப் போன்று நீரில் ஒட்டாதது. நீரும் சவர்க்காரமும் அதனிடம் தோற்றுவிடும். கத்தியிலும் கையிலும் ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பதுபோல, துணியில் ஒட்டியதற்கும் தேங்காயெண்ணெயைத் தடவி நெகிழச் செய்து, வழித்தெடுத்து, பின்னர் அவ்வெண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தாற் போக்க வேண்டும். ஒரு கறையைப் போக்க மற்றொரு கறையை ஏற்படுத்துகின்றோம். ஆயினும் பின்னது எளிது.

பனம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் கரற்றின் இனத்தது. அதுவும் வெயிலுக்கு அடங்கும். பனம்பழம் கறைப்படுத்துவது மட்டுமன்று, கழுவவும் செய்யும் என்பதை இளைய தலைமுறையினர் அறியார். சவர்க்காரம் அரிய பொருளாயிருந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பனம்பழக் களியைக் கரைத்து அதிலே உடுப்புத் தோய்த்தனர். பனம்பழக் களியிற் பிளாபெலிபெரின் எனப்படும் சபோனின் வகைப் பொருள்கள் இருப்பதை நம் நாட்டு இரசாயன அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அதன் கைப்புக்கும் நுரைக்கும் காரணம் அவையே. ஆடைகள் சற்றே மஞ்சள் நிறம் பெற்று, பழத்தின் வாசனையோடு உலரும். கொடியில் இட்ட உடுப்பை மாடு வந்து சுவைத்துவிட்டுச் சென்ற கதைகளைச் சொல்லி இன்று சிரிப்போர் உளர். அன்று சிரித்தவர் எத்தனை பேரோ.

செம்மண்ணும் துருவும்

குடாநாட்டுச் செம்மண்ணின் நிறம் இரும்பு ஒட்சைட்டினால் ஆயது. விளையாடிவிட்டு வந்த காற்சட்டையை ஈரத்தோடு கசக்குதல் பெரும் பிழை. மண் துகள்கள் நூலின் இடுக்கிற் புகுந்துவிடும். முற்றாக உலரவிட்டு, உதறித் தூரிகையால் துடைத்த பின்னரே நீரிலிடுக. அலசிய பின்பும் செந்நிறம் இருந்தால், அதனைத் துருக்கறையாகவே கருதி நடத்தல் வேண்டும்.

துருக்கறை பெரும்பாலும் நம் அலட்சியத்தாலேயே வருவது. இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டுதல், துருப்பிடித்த வாளியில் ஊறவைத்தல், தகரக் கூரையின் சொட்டு நீர் விழும் இடத்தில் உலரப்போடுதல் ஆகியவை. இதற்கு மருந்து தேசிக்காயும் உப்பும். கறையின்மேல் உப்பைத் தூவி, அதன்மேற் புளியைப் பிழிந்து, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாக அலசிவிடுக. வேண்டுமாயின் மறுமுறையும் செய்க. தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலம் இரும்பைத் தன்னோடு பிணைத்து நீரிற் கரையச் செய்கின்றது. அமிலம் துணியிலேயே காய்ந்துபோனால் நூல் நைந்துவிடும். எனவே பல முறை அலசுதல் இன்றியமையாதது. குளோரீன் வெளிற்றியைத் துருவின்மேல் ஊற்றுவாரும் உளர். அது துருவைப் போக்காது. மேலும் அழுத்தமாக நிலைநிறுத்தும்.

பேனை மை

நீரூற்றுப் பேனை இன்று அருகிவிட்டது. அதன் கழுவத்தகு நீலமை குளிர்நீரிலேயே போய்விடும். பழைய நீலக்கறுப்பு மை அவ்வாறன்று. அதில் இரும்புச் சத்து உண்டு. நீலம் போனபின் மஞ்சட் பழுப்பாய் எஞ்சுவது துருவே. அதற்குத் தேசிக்காய்ப் புளியே வழி. மையின்மேற் பாலை ஊற்றச் சொல்லும் அறிவுரையைப் பழைய இல்லக் குறிப்புகளிற் காணலாம். என் கருத்தில் அது ஒரு கறைக்கு இரண்டு கறை.

குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப் பசையுடையது. நீர் பட்டாற் பரவும். கறையின் கீழே மடித்த பழந்துணியை வைத்து, மேலிருந்து மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தோய்த்து ஒற்றுக. மை கீழ்த்துணியில் இறங்கும். கீழ்த்துணியை அடிக்கடி நகர்த்தாவிடின் அதே மை மீண்டும் மேலேறும். 2020ஆம் ஆண்டிலிருந்து வீடுதோறும் கிடக்கும் கை சுத்திகரிப்பான் போத்தலும் மதுசாரம் மிகுந்ததாயின் இதற்கு உதவும். ஜெல் பேனை மையிற் சிலவற்றுக்கு இம்முறையும் பலிப்பதில்லை. சட்டைப் பையிற் பேனை வைக்கும் மாணவர் மூடியைப் பூட்டுவதே சிக்கனம்.

எண்ணெய்க் கறைக்கு முகமாவையோ சுண்ணக்கட்டித் தூளையோ தூவி உறிஞ்சச் செய்து, பின் பாத்திரத் திரவத்தாற் கழுவுதல் போதும். கோயிலிலும் தேவாலயத்திலும் சிந்தும் மெழுகை இறுகவிட்டுச் சுரண்டி, எஞ்சியதை இரண்டு உறிஞ்சு தாள்களுக்கிடையே வைத்து இளஞ்சூட்டில் அழுத்தினால் தாள் குடித்துவிடும். மின்னழுத்தியைத் தொடாதீர் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

நீரின் குணம்

எல்லாம் சரியாகச் செய்தும் வெள்ளை ஆடை நாளடைவிற் சாம்பல் நிறங் கொள்ளுகின்றதே என்பது வடபகுதி இல்லத்தரசியரின் முறைப்பாடு. குற்றம் அவர்களுடையதன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வருவது. கல்சியம் மிகுந்த வன்னீர். சவர்க்காரம் அக்கல்சியத்தோடு சேர்ந்து நீரிற் கரையாத திரையாகி ஆடையிற் படிந்துவிடுகின்றது. நாம் அழுக்கென எண்ணுவது பாதி சவர்க்காரமே. ஊறவைக்கும் வாளியில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முன்னரே கரைத்தால் நீர் மென்மையுறும். சவர்க்காரச் செலவும் குறையும். சலவைத்தூள்கள் வன்னீரையும் ஒருவாறு சமாளிக்கும். மாரியில் மழைநீரைப் பிடித்து வைத்து வெள்ளைகளைத் தோய்த்தால் வேறுபாடு கண்கூடு. நீலம் போடுதலோ மஞ்சள் நிறத்தைக் கண்ணுக்கு மறைக்கும் உபாயம் மட்டுமே. கறையை அது போக்குவதில்லை. அதிகமாய்ப் போட்டால் நீலமே கறையாகிவிடும்.

உயிருக்கு ஆபத்தானவை

வெளிற்றும் திரவம் சோடியம் ஐப்போகுளோரைற்றின் கரைசல். வெள்ளைப் பருத்திக்கு, நிறைய நீர் கலந்து, சிறிது நேரத்துக்கு மட்டும் அது தகும். பட்டையும் கம்பளியையும் அது தின்றுவிடும். அதனோடு தேசிக்காய்ப் புளியையோ வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும். அமோனியா கலந்தாலும் நச்சுவாயுவே. இரண்டும் நல்ல மருந்து, ஆகையால் இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணுதல் மூச்சைப் பறிக்கும் எண்ணம். ஒன்றை உபயோகித்தபின் மற்றொன்று தேவையெனில், இடையே பல முறை அலசிவிட்டே தொடங்குக. அவ்வேலையும் காற்றோட்டமான வெளியில் நடைபெறட்டும்.

முன்னாளில் எண்ணெய்க் கறைக்குப் பெற்றோலும், காபன் நாற்குளோரைட்டும் சிபாரிசு செய்யப்பட்டன. பெற்றோலின் ஆவி அடுப்பை நாடிச் சென்று தீப்பற்றும். காபன் நாற்குளோரைட்டு ஈரலைக் கெடுப்பதாகக் கண்டு, ஐக்கிய அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டில் வீட்டுப் பாவனைக்குத் தடை விதித்தனர். பாட்டியாரின் குறிப்புப் புத்தகத்தில் அவை எழுதப்பட்டிருந்தால் அவ்விடத்தைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். நம் நாட்டிலேயே, ஒட்சாலிக் அமிலமும் பொற்றாசியம் பரமங்கனேற்றும் அடங்கிய சலவைப் பொதிகளை உட்கொண்டவர்கள் சிறுநீரகம் பழுதுற்று உயிரிழந்த சம்பவங்களைத் தென்னிலங்கையிற் பணியாற்றிய வைத்தியர்கள் 2009ஆம் ஆண்டளவில் மருத்துவ ஏடுகளில் எழுதினர். வெண்மைக்காக வாங்கிய தூள் அது. மண்ணெண்ணெயையும் வெளிற்றும் திரவத்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தாற் குழந்தைகள் தண்ணீரென்று குடித்துவிடுகின்றனர். வாங்கிய கலத்திலேயே, பெயர்ச்சீட்டோடு, பூட்டிய அலுமாரியின் மேற்றட்டில் வைப்பதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. தவறிக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆசுப்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

பட்டுச் சேலை

இறுதியாகப் பட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். பட்டு நூல் புரதத்தால் ஆயது. புரதக் கறையை உண்ணும் நொதியத் தூள் பட்டையும் உண்ணும். சலவைச் சோடாவும் காரச் சவர்க்காரமும் அதன் பளபளப்பைக் கெடுக்கும். நீர் பட்டால் வட்டமாய்த் தடம் பதிவதும், கரையின் நிறம் உடலிற் கசிவதும் உண்டு. கலியாண வீட்டிற் சாம்பார் சிந்திய கூறைச் சேலையைக் கண்டவுடன் ஆளுக்கொரு யோசனை கூறுவர்; ஒருவர் சோடா நீர் கொண்டு வருவார், ஒருவர் முகமா என்பார். ஈரத்தை ஒற்றி, எண்ணெய்க்கு முகமாவைத் தூவி வைப்பதோடு நின்றுவிடுதல் உத்தமம். நிறம் கசியுமா என்று அறியவேண்டின், உட்தலைப்பின் மூலையில் ஈரமான வெண்துணியைச் சற்று நேரம் அழுத்திப் பார்க்கலாம். வெண்துணியில் நிறம் ஏறினால் வீட்டு நீரில் அதனை இடவே கூடாது. உலர்சலவைக்குக் கொடுக்கும்போது கறை எதனாற் பட்டது, எப்பொழுது பட்டது, அதன்மேல் நீங்கள் எதைப் போட்டீர்கள் என்பவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சேலையோடு கொடுத்தனுப்புங்கள். அத்துண்டைக் குண்டூசியாற் குத்தவேண்டாம். ஊசி துருப்பிடித்தால் பட்டில் இன்னொரு கறை. வெள்ளை நூலாற் கட்டிவிடுக.